ஏழாவது இலக்கம்

என் மனைவியின் இடது முன்கையில், முழங்கைக்கு நான்கு விரல் கீழே, என்னுடைய கைப்பேசி எண் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. மொத்தம் பத்து இலக்கங்கள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் உயரம். குத்தி முடிக்க நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. ஆறுவதற்குப் பதினான்கு நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பதினான்கு நாளும் எங்கள் வீட்டுப் பூனையிடமிருந்து அந்தக் கையைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். செய்ததில் பாதிக்கு மேல் தவறு.

அவள் அரசாங்க மருத்துவமனைகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தவள். நான் ரயில் நேர அட்டவணை தயாரிக்கும் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்தேன். கிள்ளானில் இருபத்திரண்டு ஆண்டு குடியிருந்துவிட்டு, ஓய்வு பெற்றபின் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடிக்கு வந்தோம். அவளுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொல்லி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் இரண்டு முறை காணாமல் போனாள். முதல் முறை இரண்டு தெரு தள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். இரண்டாம் முறை ஒரு கிளினிக்குக்குள் நுழைந்து, காத்திருந்தவர்களை வரிசையாக உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே இருந்த பெண்ணுக்கு அவள் புதிதாக வந்த மேற்பார்வையாளர் என்றே முதலில் தோன்றியதாம்.

பெயரும் எண்ணும் பொறித்த கைச்சங்கிலி வாங்கிக் கொடுத்தேன். கழற்றி வைத்தாள். வேறு மாதிரி வாங்கினேன், அதையும் கழற்றினாள். நான்கு சங்கிலிகள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: "டியூட்டியில கையில ஒன்னும் போடக்கூடாதுங்க. இன்பெக்‌ஷன் ஆயிடும்." பணப்பையில் அட்டை வைத்தேன். பணப்பையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

பச்சை குத்தும் யோசனை அவளுடையது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் மகள் இன்றுவரை நம்பவில்லை. தெளிவாக இருந்த ஒரு காலையில், தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவளே கையை நீட்டிக் காட்டினாள். வேலையில் இருந்த காலமெல்லாம் நோயாளியின் ரத்த அழுத்தம், கட்டில் எண், மருந்து கொடுக்கும் நேரம் எல்லாவற்றையும் அந்தக் கையில்தான் பேனாவால் எழுதிக்கொண்டு வருவாள். "கையில எழுதினாத்தான் எனக்கு மறக்காது. அழியாத மாதிரி எழுதிடுங்க" என்றாள்.

மகள் கிள்ளானிலிருந்து தொலைபேசியில் சண்டை போட்டாள். "மாட்டுக்கு நம்பர் போடுற மாதிரி போடப் போறீங்களா அம்மாவுக்கு? ஆளுங்க பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"ஆளுங்க பாக்கணும்னுதான் போடுறது" என்றேன்.

"அப்படின்னா என் நம்பரையாவது போடுங்கப்பா. உங்களுக்கு வயசு எழுபத்தி நாலு."

"நீ வேலை நேரத்துல எடுக்க மாட்டே. போன மாசம் பதினொரு தடவை கூப்பிட்டேன், நாலு தடவைதான் எடுத்தே."

அவள் வைத்துவிட்டாள்.

பச்சை குத்தும் கடையில் இருந்தவர் நம்மவர்தான். முப்பது வயதிருக்கும், இரண்டு கைகளிலும் தோள்வரை படங்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் ஊசியைத் தொடாமல் என் மனைவியின் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆன்டி, அங்கிள் சொல்றாருன்னு செய்யக்கூடாது. உங்களுக்கு வேணுமா?"

"நான் நர்ஸ்ப்பா. முப்பத்தி நாலு வருஷமா ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் குத்தியிருக்கேன். ஒரு நாள் நான் குத்திக்கிட்டா என்ன? உன் ஊசி புதுசா, அதைச் சொல்லு."

அவர் சிரித்து, உறையைப் பிரிக்காமல் ஊசியைக் காட்டினார். அவள் தேதியைப் படித்துப் பார்த்துத் தலையசைத்தாள்.

முடிந்ததும் அவர் சொன்னதை நான் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டேன். காலையும் மாலையும் மணமில்லாத சோப்பால் கழுவ வேண்டும். ஒற்றித்தான் துடைக்க வேண்டும். களிம்பை மெல்லிசாகப் பூச வேண்டும். நான்காம் நாளிலிருந்து தோல் உரியும், பிய்க்கக் கூடாது. வீட்டில் நாய் பூனை உண்டா என்று கடைசியில் கேட்டார். ஒரு பூனை என்றேன். அவர் முகம் மாறியது.

"பூனைதான் அங்கிள் பிரச்சனை. நாக்கு, நகம், முடி எல்லாத்துலயும் கிருமி. ரெண்டு வாரத்துக்குக் கையில ஏறவே கூடாது. படுக்கையிலயும் விடாதீங்க. அந்தப் பொருக்கு பிச்சுக்கிட்டு வந்துச்சுன்னா மையும் சேந்து வந்துடும். படமா இருந்தா பரவால்ல, திருத்திக்கலாம். இது நம்பர் லா. ஒன்னு போனா எல்லாம் போச்சு."

அந்தப் பூனை ஆறு ஆண்டுகளுக்கு முன் கீழ்த்தளத்து வாகன நிறுத்துமிடத்திலிருந்து தானாக மேலே வந்தது. வெளிர் பழுப்பு நிறம், வால் பாதி. அதற்குப் பெயர் வைக்கவில்லை. அவள் "டேய்" என்றால் வரும். நான் கூப்பிட்டால் வராது. மத்தியானம் அவள் நாற்காலியில் சாய்ந்ததும் அது மடியில் ஏறி, அவளுடைய இடது முன்கையில் இரண்டு முன்னங்கால்களையும் வைத்து, சப்பாத்தி மாவு பிசைவதுபோல் மாறி மாறி அழுத்தும். அந்த இடத்தில்தான் நாங்கள் எண்ணைக் குத்தியிருந்தோம். வலது கையில் குத்தியிருக்கலாம். அது எனக்கு அன்று தோன்றவில்லை.

மகளின் பெயர் சில நாள் அவளுக்கு வருவதில்லை. என்னை இரண்டு முறை "டிரைவர்" என்று கூப்பிட்டிருக்கிறாள். பூனைக்குச் சோறு வைக்கும் நேரம் மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை.

முதல் நான்கு நாள் நான் பூனையைச் சமையலறைக்குப் பின்னாலுள்ள அறையில் அடைத்து வைத்தேன். தினமும் படுக்கை விரிப்பை மாற்றினேன். நாற்காலி, தலையணை, அவள் சேலை எல்லாவற்றிலும் ஒட்டுநாடாவை ஒற்றி முடி எடுத்தேன். மூன்றாம் நாள் நாற்காலியில் மட்டும் நாற்பத்தொரு முடி. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏங்க, உங்களுக்கு முடி கொட்டுதா?" என்று கேட்டாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் நான் கழிவறையில் இருந்தேன், ஆறு நிமிடம் இருக்கும். பூனை கத்தியிருக்கிறது. அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்து விட்டிருக்கிறாள். நான் வெளியே வந்தபோது பூனை மடியில் இருந்தது, காலால் பிசைந்துகொண்டிருந்தது, அவள் கண்ணை மூடியிருந்தாள். ஒரு நகம் பொருக்கில் மாட்டியிருந்தது. நான் கத்தினேன். பூனை பயந்து பாய்ந்தது. பாய்ந்தபோது பொருக்கைப் பிய்த்துக்கொண்டு போனது. பேசாமல் போய் அதன் காலை எடுத்துவிட்டிருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது.

ஏழாவது இலக்கத்தில் ரத்தம் கசிந்தது. எனக்குக் களிம்பு எது, சோப்பு எது என்று தெரியவில்லை. அவள் எழுந்தாள். தண்ணீர்க் குழாயைத் திறந்து கையை நீட்டினாள்.

"கத்தாதீங்க. ஓடுற தண்ணியில அஞ்சு நிமிஷம். டைம் பாருங்க" என்றாள்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நின்றேன். ஐந்து நிமிடம் முடிந்ததும், "காஸ்" என்று கையை நீட்டினாள். வலைத்துணியைக் கொடுத்தேன். ஒற்றினாள். "டாக்டர்கிட்ட காட்டணும், பூனைக் கீறல்" என்றாள். திருத்தமான குரல். அந்தப் பத்து நிமிடம் எனக்கு என் மனைவி முழுசாகத் திரும்பக் கிடைத்திருந்தாள். பிறகு கையிலிருந்த எண்ணைப் பார்த்து, "இது எந்த பேஷன்ட்?" என்று கேட்டாள்.

கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். சிவப்பு பரவுகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். நான் அடிக்கோல் வைத்து அளந்தேன். முதல் நாள் ஒன்பது மில்லிமீட்டர், மறுநாள் ஏழு. பரவவில்லை. ஆனால் அந்த இலக்கம் எட்டு. அதன் இடது பக்கத்து இரண்டு வளைவிலும் மை போய்விட்டது. தள்ளி நின்று பார்த்தால் மூன்று.

ஆறாம் நாள் மகளை வரச் சொல்லிப் பூனையைக் கிள்ளானுக்கு அனுப்பிவிட்டேன். கூண்டை எடுக்கும்போது மகள் கேட்டாள், "அம்மாகிட்ட என்னப்பா சொல்லப் போறீங்க?" உண்மையைத்தான் சொல்வேன் என்றேன். பொய் சொன்னால் எந்தப் பொய்யைச் சொன்னேன் என்று நானும் நினைவில் வைத்திருக்க வேண்டும், வீட்டில் இரண்டு பேருக்கும் மறதி வந்தால் தாங்காது.

அன்று அவள் "டேய் எங்கே?" என்று இருபத்து மூன்று முறை கேட்டாள். இருபத்து மூன்று முறையும் "கிள்ளானுக்குப் போயிருக்கு" என்றேன். மறுநாள் முப்பது. எட்டாம் நாள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் நிம்மதி அடைந்தேன். வேறொன்றையும் செய்திருந்தேன். அவள் கையைத் தேய்க்காமல் இருக்க நீளக்கை பருத்திச் சட்டை போட்டுவிட்டிருந்தேன். அவள் சட்டைக் கையைச் சுருட்டிச் சுருட்டி மேலே விட்டதால், மணிக்கட்டுப் பக்கத்தை ஊசி நூலால் இறுக்கித் தைத்துவிட்டேன். காலையும் மாலையும் கழுவும்போது பிரித்து மறுபடி தைப்பேன். ஒரு தடவைக்குப் பதினெட்டுத் தையல்.

ஒன்பதாம் நாள் காலை எட்டுப் பத்துக்கு, துவைத்த விரிப்பைக் காயப்போட வெளி நடைபாதைக்குப் போனேன். கம்பிக் கதவின் பூட்டிலேயே சாவியை விட்டுவிட்டேன். விரிப்பின் நான்கு முனைகளையும் இழுத்துச் சரிசெய்துவிட்டு, இரண்டு தலையணை உறைகளை அடுத்த கொடிக்குக் கொண்டுபோனேன். அது நடைபாதையின் மூலை திரும்பி இருக்கிறது. திரும்பி வந்தபோது வீட்டில் அவள் இல்லை.

மின்தூக்கி கீழ்த்தளத்தில் நின்றிருந்தது. படியில் இறங்கினேன். காவலாளி கழிவறைக்குப் போயிருந்தார். இரண்டு தெரு தள்ளியிருந்த பேருந்து நிறுத்தம், அந்தக் கிளினிக், கோயில் வாசல், பூக்கடை வரிசை எல்லாம் பார்த்தேன். அவள் மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடப்பாள். நாற்பது நிமிடத்துக்கு இரண்டு கிலோமீட்டர். வீட்டைச் சுற்றி அவள் இருக்கக்கூடிய வட்டம் ஒவ்வொரு நிமிடமும் பெரிதாகிக்கொண்டே போனது. போலீஸ் நிலையத்தில் அடையாளம் கேட்டார்கள். நீலப் பூப்போட்ட நீளக்கைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கையில் என் போன் நம்பர் இருக்கிறது என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அப்போ யாராவது கூப்பிடுவாங்க, அங்கிள்" என்று மலாய் மொழியில் ஆறுதல் சொன்னார்.

அப்போதுதான் அந்தப் பதினெட்டுத் தையல் நினைவுக்கு வந்தது. அந்த எண்ணை யாரும் பார்க்க முடியாது. நானே மூடித் தைத்திருக்கிறேன்.

நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மகளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் ஒன்றும் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பத்து ஐம்பதுக்கு என் கைப்பேசி அடித்தது. தெரியாத எண்.

"ஐயா, தமிழா? நான் கிள்ளான் பாசார்ல மீன் விக்கிறேன். இந்த நம்பர் ஒரு அம்மா கையில இருக்கு. உங்க வீட்டு ஆளா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் "ஹலோ, ஹலோ" என்றார். பக்கத்தில் ஒரு பெண், "வெச்சிறாதீங்க, அழுவுறாரு போல" என்றது கேட்டது.

மகளுக்குச் சொன்னேன். அவள் பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாள். நான் கொமியூட்டர் ரயிலில் போனேன். நடுவில் பதின்மூன்று நிலையங்கள். அட்டவணை போடும் வேலையில் இருந்தபோது ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நிற்கும் நேரம் போதாது என்று எழுதியவன் நான். அன்று ஒவ்வொரு நிலையத்திலும் அது நின்ற நேரம் பொறுக்க முடியாததாக இருந்தது. அவளும் இதே வழியில்தான், என்னிடம் கேட்காமல், கால்சட்டைப் பையில் எப்போதோ விட்டிருந்த பயண அட்டையைத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

பாசார் என்கிற அந்தச் சந்தையில் மீன்கடைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட ஒரு நெகிழிப் பெட்டியில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஏழு பூனைகள். மகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் என் மனைவி, "எங்க போயிட்டீங்க இவ்வளவு நேரம்?" என்றாள்.

மீன்காரர் நடந்ததைச் சொன்னார். "ஒம்பதரைக்கு வந்தாங்கய்யா. ஒவ்வொரு பூனையா தூக்கித் தூக்கிப் பாக்குறாங்க. வீட்டுல வெச்சிக்க முடியாதவங்க எல்லாம் பூனையக் கொண்டாந்து இங்கதான விடுறது. அதான், விட்டது மனசு கேக்காம திரும்பக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்கன்னு நெனைச்சேன். கேட்டா, 'எம் புள்ளைய யாரோ பாசார்ல விட்டுட்டாங்க'ன்னு சொல்றாங்க."

நான் கிள்ளான் என்று சொன்ன ஐம்பத்து மூன்று தடவையும் அவளுக்குள் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. பூனையைக் கிள்ளானுக்குக் கொண்டுபோனால் எங்கே கொண்டுபோவார்கள்? இருபத்திரண்டு ஆண்டு அவள் மீன் வாங்கிய இடத்தில்தான் விடுவார்கள். அவள் கணக்கில் பிழை இல்லை.

"சட்டை எல்லாம் மீன் தண்ணி. கழுவி விடலாம்னு பாத்தா கை தெச்சிருக்கு" என்றார் மீன்காரரின் மனைவி. "இது யாரு செஞ்ச வேலை? கத்தரிக்கோலாலதான் வெட்டினேன். வெட்டிப் பாத்தா நம்பர்."

நான் செய்த வேலை என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மீனை வெட்டப் போனார்.

"முதல்ல வேற யாரையோ கூப்பிட்டுட்டேன், ஐயா" என்றார் மீன்காரர். "மூணுன்னு நெனைச்சு அடிச்சேன். ஒரு பொம்பளை எடுத்து, ராங் நம்பர்னு வெச்சிருச்சு. இவதான் கிட்ட வந்து பாத்துட்டு, 'அது மூணு இல்ல, பூனை தின்ன எட்டு'ன்னா."

அவர் மனைவி அப்படிச் சொன்னபோது பூனைக் கதை அவருக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலையே பூனையைத் திரும்பக் கொண்டுவந்தோம். மீதி ஐந்து நாள் நான் வேறு மாதிரி இருந்தேன். பூனையின் பதினெட்டு நகங்களையும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் வெட்டிக்கொண்டு வந்தேன். மத்தியானம் அவள் நாற்காலிக்கு இடது பக்கம் என் நாற்காலியைப் போட்டு, அவளுடைய இடது கையைத் துவைத்த துண்டால் தளர்வாகப் போர்த்தி, என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டேன். பூனை வலது பக்கம் ஏறிப் பிசைந்தது. ஒன்றரையிலிருந்து மூன்று மணிவரை. என்னால் பத்திரிகை படிக்க முடியவில்லை, எழுந்து போக முடியவில்லை. கல்யாணமான நாற்பத்தாறு ஆண்டில் ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் இருந்ததில்லை. ஐந்து நாளில் ஏழரை மணி நேரம்.

ஒன்பது இலக்கங்கள் நன்றாக ஆறின.

ஆறு வாரம் கழித்து, ஏழாவதைத் திருத்தலாம் என்று பச்சை குத்துபவரிடம் போனோம். அவர் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷ வேலை" என்றார். ஊசியை எடுப்பதற்கு முன் பழையபடி முக்காலியைப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"ஆன்டி, இந்த எட்டைச் சரி பண்ணலாமா?"

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து அதை மூடிக்கொண்டாள்.

"எவன் என் கையில எழுதினான்? எனக்கு வேணாம். வலிக்கும்" என்றாள்.

"நீதானே கேட்டே" என்றேன்.

"நான் கேக்கல."

அவர் என்னைப் பார்த்தார். வேறொரு நாள் வரலாமா என்று கேட்டேன். "வாங்க அங்கிள். ஆனா வேணாம்னு சொன்னா நான் செய்ய மாட்டேன்" என்றார். அதற்குப்பின் மூன்று முறை போனோம். மூன்று முறையும் வேண்டாம் என்றாள். முதல் தடவை அவள் சொன்ன 'சரி'யை மட்டும் எண்ணிக்கொண்டு, இந்த நான்கு 'வேண்டாம்'களையும் விட்டுவிட என்னால் முடியவில்லை. மகள் தன் எண்ணைச் சங்கிலியில் போட்டு அனுப்பினாள். ஐந்தாவது சங்கிலி. கழற்றி வைத்திருக்கிறாள்.

ஆகையால் அந்த எட்டு மூன்றாகவே இருக்கிறது. இரண்டு நாள் யோசித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் எண்ணையே எட்டுக்குப் பதில் மூன்று போட்டு அடித்தேன்.

ஒரு பெண் எடுத்தார். நான் சொல்லத் தொடங்கியதும், "ஸ்கேமா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. நான் பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து பேசுறேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு மீன்காரர் உங்களைக் கூப்பிட்டிருப்பார், ஒரு அம்மா கையில உங்க நம்பர் இருக்குன்னு."

"கூப்பிட்டாரு. ஸ்கேமர்னு நெனைச்சு வெச்சுட்டேன், அங்கிள். அந்த ஆன்டி கிடைச்சிட்டாங்களா?"

கிடைத்துவிட்டாள் என்றேன். முழுவதையும் சொன்னேன். பூனையையும் சொன்னேன். இனி யாராவது அப்படிக் கூப்பிட்டால், வைத்துவிடாமல், ஏழாவது இலக்கத்தை எட்டாக மாற்றிக் கூப்பிடச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

"நான் ரவாங்ல பேக்டரியில வேலை செய்றேன், அங்கிள். ஏழுல இருந்து ஏழு வரைக்கும் போன் லாக்கர்லதான் இருக்கும். ரெஸ்ட் நேரத்துல மட்டும் பாப்பேன், பன்னெண்டரைக்கு. மிஸ்கால் இருந்தா நானே திரும்பக் கூப்பிடுறேன்."

"வாரத்துல எத்தனை நாள்?"

"நாலு நாள் வேலை, ரெண்டு நாள் லீவு. மாறி மாறி வரும். உங்களுக்கு வேணும்னா மாசா மாசம் ரோஸ்டர் அனுப்புறேன்."

அந்த வேலை நாள் அட்டவணையை அனுப்பச் சொன்னேன். மாதத் தொடக்கத்தில் வருகிறது. அதை நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அவர் வேலையில் இருக்கும் நாட்களில் நான் விரிப்பைத் துவைப்பதில்லை.